துப்பாக்கியில் மாட்டிய லைட் டார்ச் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் நம்மவர்கள் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துப்பாக்கியில் லைட் மாட்டுவதெல்லாம் சினிமா பார்த்து வந்த ஆசை என்று அதில் ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு வயது 52, வேலை ரசாயன ஆலைகளுக்குப் பைப்பிங் எஞ்சினியர், இருப்பது டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊர். வீட்டில் ஒரு ஷாட்கன் உண்டு. மாடல் மாஸ்பெர்க் 500, 12 கேஜ் (கேஜ் என்பது குழல் துளையின் அளவு), குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் வகை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரையில் அது இல்லை. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் இங்கே துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாக மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் நண்பர் சொன்னார் என்று கடைக்குப் போய்விடாதீர்கள். கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கலாம். நான் அப்படித்தான் வாங்கினேன்.

லைட் மாட்டும் எண்ணம் வந்தது 2024 ஜூலை 8ஆம் தேதி பெரில் புயல் அடித்தபோது. ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் ஐந்து நாள் இருட்டு. இரண்டாம் நாள் ராத்திரி பக்கத்துத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத்தான் தோன்றியது, ஷாட்கன்னை இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும், டார்ச்சை எந்தக் கையால் பிடிப்பது என்று.

மறுவாரம் ஒரு மலிவான டார்ச்சும், அதைக் குழலோடு சேர்த்து இறுக்கும் ஒரு கிளாம்ப்பும், ஒயர் போட்ட ஸ்விட்ச் ஒன்றும் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, தப்பு என்னுடையது. சுடு பயிற்சிக் களத்தில் ஏழாவது தோட்டாவிலேயே விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. 12 கேஜ் உதைக்கும் உதையில் பேட்டரி உள்ளுக்குள் ஆடித் தொடர்பு விட்டுப் போகிறது. பத்தாவது தோட்டாவில் கிளாம்ப் தளர்ந்து, விளக்கு தரையைப் பார்த்தது. அதிர்வில் போல்ட் தளர்வதைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான், எனக்கே இது உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம். அதைவிட மோசம் ஒயர். பம்ப் துப்பாக்கியில் முன்பிடி ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஓடுகிறது. விளக்கு குழலில் அசையாமல் நிற்க, ஸ்விட்ச் மட்டும் முன்பிடியில் ஓடினால் நடுவில் தொங்கும் ஒயர் எதிலாவது மாட்டாமல் இருக்குமா? மாட்டியது. இழுத்த இழுப்பில் பிய்ந்தும் வந்தது.

அதற்குப் பிறகுதான் முன்பிடியும் விளக்கும் ஒரே துண்டாக வரும் வகைக்கு மாறினேன். விளக்கு, ஸ்விட்ச், கை மூன்றும் சேர்ந்தே ஓடுகின்றன, ஒயரே கிடையாது. மாஸ்பெர்க் 500, 590 வரிசைக்கும் ரெமிங்டன் 870க்கும் ஷூர்ஃபயர், ஸ்ட்ரீம்லைட் இரண்டு கம்பெனிகளும் இப்படிச் செய்கின்றன. நான் வாங்கியது ஸ்ட்ரீம்லைட்டின் டிஎல்-ராக்கர். 1,000 லூமன், 20,000 கேண்டெலா, இரண்டு சிஆர்123ஏ லித்தியம் பேட்டரி, ஒன்றரை மணி நேரம் எரியும்.

இந்த லூமன், கேண்டெலா விவகாரத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். லூமன் என்பது விளக்கிலிருந்து கிளம்பும் மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது அது ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்பது. தோட்டத்துக் குழாயில் வரும் தண்ணீர் அதேதான், வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தூரம் பீய்ச்சும் அல்லவா, அதுபோல. எங்கள் படுக்கையறை வாசலிலிருந்து முன்கதவு வரை 12 மீட்டர்தான். அந்தத் தூரத்தில் ஊசி போன்ற ஒளி எதற்கு? எதிரே நிற்பவரின் முகமும் தெரிய வேண்டும், அதே நேரத்தில் இரண்டு கைகளும் அதில் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஓரங்களிலும் வெளிச்சம் பரவுகிற விளக்கு வேண்டும். ஆனால் வெள்ளைச் சுவரில் 1,000 லூமன் பட்டுத் திரும்பினால் நம் கண்ணே கூசும், அதையும் ஒருமுறை வீட்டுக்குள் பழகிப் பார்த்துக்கொள்ள வேண்டும், தோட்டா இல்லாமல்.

மாட்டுவது கஷ்டமில்லை. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் இடத்திலும், தோட்டாக்களை நிரப்பும் அடிக்குழாயிலும் விரலை விட்டுத் தடவிக் காலி என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. குழலைக் கழற்றி, முன்பிடியை இறுக்கும் வளைய நட்டை அதற்கென்று உள்ள சாவியால் திருகி எடுத்து, பழையதை உருவிப் புதியதை ஏற்றினால் முடிந்தது. ஆனால் முன்பிடி உட்காரும் இரும்புக் குழாயின் நீளம் எல்லா மாடலிலும் ஒன்றல்ல, சில பழைய துப்பாக்கிகளில் அந்த நட்டே இருக்காது. அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். திருகுகள் தளராமல் இருக்க நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு. சுட்ட பிறகு கண்ணாடியில் கரி படியும், துடைக்க வேண்டும். சரி, இதோடு என் எஞ்சினியர் புத்தியை நிறுத்திக்கொள்கிறேன்.

நவம்பரில் அப்பா ஊரிலிருந்து வந்தார். வந்த மூன்றாம் நாள், அதிகாலை மூன்றரை மணிக்குச் சமையலறையில் ஏதோ உருட்டும் சத்தம். மனைவியும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தேன். நடையில் ஸ்விட்ச் இருக்கிறது, போடவில்லை. மேஜை இழுப்பறையில் கை டார்ச் இருக்கிறது, எடுக்கவில்லை. துப்பாக்கியிலேயே விளக்கு இருக்கிறதே! அதைத் தரைக்குக் காட்டி நடந்தேன். சமையலறைக்குள் தலையில் எதையோ சுற்றிக்கொண்டு ஒரு உருவம். என்னை அறியாமல் கை உயர்ந்தது. ஏசி குளிருக்குத் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, அப்பா காப்பித்தூள் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் உடம்புக்கு இன்னும் ஊர் நேரம்தான், மதியம் மூன்று மணிக் காப்பி.

விளக்கு கூசியதில் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "என்னப்பா, கரண்டு போயிருச்சா?" என்றார்.

துப்பாக்கியில் தோட்டா ஏற்றியிருக்கவில்லை. சேஃப்டி போட்டிருந்தது. விரல் டிரிக்கருக்கு வெளியேதான் இருந்தது. இதையெல்லாம் சொல்லி மனத்தைச் சமாதானப்படுத்தலாம்தான். ஆனாலும் குழல் என் அப்பாவின் நெஞ்சுக்கு நேரே இருந்தது. துப்பாக்கி விளக்கு எங்கே பார்க்கிறதோ அங்கேதான் குழலும் பார்க்கும். யார் என்று தெரிந்துகொள்ள அதைத் தூக்கினால், யாரென்று தெரியாத ஒருவரைக் குறி வைத்தாயிற்று.

கட்டுரையாளரோடு நான் மாறுபடுவது இங்கேதான். விளக்கு ஆடம்பரமில்லை. இருட்டில் ஆள் யாரென்று பார்க்காமல் சுடுவதைவிடப் பாவம் எதுவும் கிடையாது. 1992 அக்டோபரில் பக்கத்து மாநிலமான லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குக் கிளம்பிய 16 வயது ஜப்பானிய மாணவர் யோஷிஹிரோ ஹட்டோரி வீடு மாறி வேறொரு வாசலில் போய் நின்றார். வீட்டுக்காரர் சுட்டுவிட்டார். பையன் கையில் இருந்தது கேமரா. ஜூரி வீட்டுக்காரரை விடுதலை செய்தது, பையன் போனவன் போனவன்தான். ஆகவே விளக்கு வேண்டும். ஆனால் அது கடைசியில் வர வேண்டிய விளக்கு. முதலில் சுவரில் இருக்கும் ஸ்விட்ச், அப்புறம் கை டார்ச், அப்புறம் பெயர் சொல்லி ஒரு குரல். வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவசர உதவி எண் 911ஐ அழைப்பது இவை எல்லாவற்றையும்விட மேல். இந்த ஊர் உள்சுவர்கள் நம் ஊர்ச் செங்கல் சுவர் அல்ல, அரை அங்குல ஜிப்சம் பலகைகள் இரண்டு, நடுவில் காற்று. பக்‌ஷாட் குண்டுகள் அதைத் துளைத்துக்கொண்டு மகள் அறைக்குப் போய்விடும்.

இப்போது நடையிலும் சமையலறையிலும் ஆள் நடந்தால் தானாக எரியும் சின்ன விளக்குகள் வைத்திருக்கிறேன், ஒன்று 9 டாலர். கட்டிலுக்குப் பக்கத்தில் கை டார்ச். பெட்டிக்குப் பூட்டு முன்பே உண்டு. ஏற்றிய துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் குற்றம், மகளுக்கு 14. ஊரிலிருந்து பெற்றோர் வரும் மாதங்களில் துப்பாக்கியையே கழற்றி வைத்துவிடுகிறேன். இந்த வருடமும் அப்படித்தான்.

கடிதத்தை வெளியிட்டால் தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். அன்று என் கையில் இருந்தது வெறும் டார்ச் என்றுதான் அப்பா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் தினமும் உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். மூன்று மணிக் காப்பி என்ற இடத்தில் கண்டுபிடித்துவிடுவார், அது வேறு விஷயம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கேட்டி, டெக்சாஸ்