விடுமுறை நாள்களைப் பிள்ளைகளிடமே விடுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை தொடங்கியதுமே பிள்ளைகளை ஒரு பயிற்சி வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் பெற்றோரின் அக்கறையை நான் குறைகூறவில்லை. ஆனால் தானாக ஒன்றை எண்ணிப் பார்க்கவும் செய்து பார்க்கவும் பிள்ளைக்கு நேரமே மிஞ்சுவதில்லை என்பதுதான் என் கவலை. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் கலைகளில் பங்கேற்பதையும் குழந்தைகளின் உரிமையாகவே குறிப்பிடுகிறது.

சென்ற விடுமுறையில் என் ஏழு வயது மகள், காலியான அட்டைப்பெட்டியில் சன்னல் வெட்டி, பழைய துணியைத் திரையாகத் தொங்கவிட்டு, பொம்மலாட்ட மேடை அமைத்தாள். திரை இரண்டு முறை அறுந்து விழுந்தது. சரிசெய்ய நான் எழுந்தபோது, "நானே பார்த்துக்கிறேன்ப்பா" என்று தடுத்துவிட்டு, நூலுக்குப் பதிலாகக் காலணிக் கயிற்றைக் கோத்துக் கட்டினாள். அந்த அரை மணி நேரத்தில் அவள் கற்றதை நான் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. தாள், பசை, வண்ணம், முனை மழுங்கிய கத்தரிக்கோல், சிந்தினாலும் யாரும் கடிந்துகொள்ளாத ஒரு மூலை போதும். வரைந்த படத்தைப் பிள்ளை காட்டும்போது "நன்றாக இருக்கிறது" என்று முடித்துவிடாமல், "இவர் எங்கே போகிறார்?" என்று கேட்டால், ஒரு கதையே பிறந்துவிடுகிறது. தங்கள் நாளிதழும், பரிசோ தரவரிசையோ இல்லாமல், விடுமுறை முடியும்வரை பிள்ளைகளின் படைப்புகளுக்கு வாரம் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்