விண்ணப்பப் படிவம் உண்டியலைப் போல இருக்கட்டும்: கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வரும் நேரத்தில் உங்கள் இணையதளத்தில் சேர்க்கைப் படிவம் திறக்கிறது. ஆதார் எண், சாதிச் சான்றிதழ், பெற்றோர் வருமானம், கைப்பேசி எண் என்று ஒரு குடும்பத்தின் மொத்த விவரமும் அதில் வந்து விழுகிறது. அது எந்தக் கணினியில் போய்ச் சேருகிறது என்று கேட்டிருக்கிறீர்களா?

இணையதளங்கள் ஓடும் கணினிகளான சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். ஒரு கல்லூரியில் படிவம் ஓடிய கணினி அலுவலக அறையிலேயே இருந்தது. இணைய இணைப்பு வரும் ரௌட்டரில் போர்ட் எனும் வாசலைத் திறந்து, வெளியுலகை நேராக அதற்குள் விட்டிருந்தார்கள். கட்டணக் கணக்கும் ஊழியர் சம்பளப் பட்டியலும் அதே கணினியில். விவரங்கள் சேரும் டேட்டாபேஸைப் படிவம் தொட்டது, எதையும் செய்யும் உரிமையுள்ள அட்மின் கணக்கில். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி அறிக்கை தரும் அமெரிக்க நிறுவனம் ஈக்விஃபாக்ஸ். அந்தக் கடன் அறிக்கையில் தவறு இருந்தால் மக்கள் முறையிடுவதற்காக அது ஓர் இணையப் பக்கம் வைத்திருந்தது. அந்தப் பக்கம், இணையச் செயலிகளைக் கட்ட உதவும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓடியது. அதிலிருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் அதைப் போடாமல் விட்டார்கள். மே மாதம் புகுந்தவர்கள் ஜூலை கடைசி வரை உள்ளேயே இருந்தார்கள். அந்தப் பக்கத்துக்குத் தேவைப்பட்டது மூன்றே டேட்டாபேஸ்கள். ஆனால் உள்ளே தடுப்புச் சுவர் இல்லை, பாஸ்வேர்டுகளும் அப்பட்டமாக ஒரு கோப்பில் கிடந்தன. சம்பந்தமே இல்லாத இன்னும் 48 டேட்டாபேஸ்களுக்குள் போய்விட்டார்கள். சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் பறிபோயின. ஓட்டை எந்த மென்பொருளிலும் வரும். அங்கே நடந்த பெரிய தவறு, வாசல் பக்கத்திலிருந்து வீடு முழுக்க வழி விட்டதுதான்.

கோயில் உண்டியலில் யாரும் காசு போடலாம், யாரும் கைவிட்டு எடுக்க முடியாது. பொறுப்பானவர்கள் வந்து திறந்துதான் எடுத்துப் போகிறார்கள். படிவமும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதை அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியே தனி சர்வரில் வையுங்கள், நடுவில், அனுமதி இல்லாத போக்குவரத்தைத் தடுக்கும் ஃபயர்வால் இருக்கட்டும். அந்த சர்வர் உள்ளே எதையும் தொடக் கூடாது. உள்ளே இருக்கும் சர்வர்தான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே வந்து, சேர்ந்த விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு, அங்கே இருப்பதை அழித்துவிட்டுப் போக வேண்டும். படிவத்தின் டேட்டாபேஸ் கணக்குக்குப் புதிதாக எழுதும் உரிமை மட்டும் போதும்.

"மாணவர் தன் விண்ணப்ப நிலையைப் பார்க்க வேண்டாமா?" என்பீர்கள். சரி, பார்க்கட்டும். விண்ணப்ப எண்ணும் நிலையும் மட்டுமுள்ள ஒரு சிறு பட்டியலை உள்ளிருந்து வெளியே அனுப்பி வைத்தால் போதும். அதற்காக உள் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

எடுத்து வந்த விவரத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மாணவர் தட்டச்சு செய்ததை, டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் எஸ்கியூஎல் கட்டளையோடு நேராக ஒட்டும் பழக்கத்தை இரண்டு சர்வர்களிலும் நிறுத்தச் சொல்லுங்கள். பதிவேற்றிய சான்றிதழ்களுக்கு வேறு பெயர் கொடுத்து, இணையத்திலிருந்து நேரடியாகத் திறக்க முடியாத இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் சான்றிதழ் என்ற பெயரில் வந்த நிரல் உங்கள் சர்வரிலேயே ஓடிவிடலாம்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. இணையத் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும், கணினியில் நடந்தவற்றின் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் உத்தரவிட்டது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

அடுத்த சேர்க்கைக்கு முன் உங்கள் இணையதளக்காரரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். "படிவ சர்வர் ஒருவன் கைக்குப் போனால், அங்கிருந்து அவன் எங்கெல்லாம் போக முடியும்?" என்று கேளுங்கள். பதிலைப் படமாக வரைந்து காட்டச் சொல்லுங்கள். அலுவலக சர்வரை நோக்கி ஒரு கோடு வந்தால்கூட, அதை வெட்டிய பிறகே படிவத்தைத் திறங்கள்.

அன்புடன்,
ஒரு சர்வர் பராமரிப்பாளர்