‘மண் மணம் கமழ்கிறது’ என்றால் எந்த மண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் படித்த நாவல்கள், பிற நூல்கள் பற்றி வாசகர்கள் எழுதும் கருத்துகளுக்கு ஞாயிறுதோறும் அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். திருநெல்வேலிச் சீமையில் இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு புத்தகக் கடைக்கும் நூலகத்துக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். வருகிற கருத்துகளில் பெரும்பாலானவை புத்தகம் வாங்க நினைப்பவருக்கு உதவுவதில்லை. அதைச் சரிசெய்வது கடினமும் இல்லை.

‘ஒரே மூச்சில் படித்து முடித்தேன்’, ‘பாத்திரங்கள் கண்முன் நிற்கிறார்கள்’, ‘மண் மணம் கமழ்கிறது’, ‘ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்’. எழுதி முடித்ததும் நூலின் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அதே வரிகள் இன்னொரு நாவலுக்கும் பொருந்தினால், அந்த நூலைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். ஒரு கருத்துக்கு நீங்கள் தரும் 120 சொல் இடத்தில் எண்பது சொல்லைக் கதைச் சுருக்கம் தின்றுவிடுகிறது. மிச்சத்தைப் பாராட்டு நிரப்புகிறது. கையில் நானூறு ரூபாயோடு பொருநை புத்தகத் திருவிழாவில் நிற்பவருக்கு இது எந்த வழியும் காட்டாது.

கருத்தின் தரம் படிக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. நூலகப் புத்தகத்தில் கோடு போடக் கூடாது. பழைய நாட்காட்டித் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்துக்கொண்டு, நின்று போன இடத்தில் செருகி, ஏன் நின்றோம் என்று அந்தத் துண்டிலேயே இரண்டு சொல் எழுதினால் போதும். முன்னூறு பக்க நாவலுக்குப் பத்துப் பதினைந்து துண்டு சேரும். முடித்த இரவே எழுத உட்கார்ந்தால் கடைசி அத்தியாயத்தின் வேகம் மட்டும்தான் தாளில் இறங்கும். இரண்டு மூன்று நாள் ஆறப் போட்டு, முதல் அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டு எழுதுங்கள். நாவலாசிரியர் எதைத் தொடக்கத்திலேயே ஊன்றி வைத்தார், எதைப் பாதியில் கைவிட்டார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கதையை எவ்வளவு சொல்லலாம்? முதல் கால்பங்கைத் தாண்டக் கூடாது. இருநூறு பக்க நாவலானால் ஐம்பதாம் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘உயிரோட்டமான பாத்திரப் படைப்பு’ என்பதற்குப் பதில், வெளியூரிலிருந்து வந்த மகனிடம் தாய் ஒரு சொல்லும் பேசாமல் கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டுகிறாள், அந்தப் பக்கத்தில் அவர்களுக்குள் இருந்த பிணக்கு முழுதும் தெரிகிறது என்று எழுதினால் போதும். நாவல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது அந்த ஒரு காட்சியிலேயே விளங்கிவிடும். பக்க எண்ணும் சேர்த்தால் படிப்பவர் கடையில் நின்றபடியே புரட்டிப் பார்த்துவிடலாம்.

இனி மண் மணம். நம் பக்கத்து நாவல் எதைப் பற்றி எழுதினாலும் ‘நெல்லைத் தமிழ் அருமை’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. எந்த நெல்லைத் தமிழ்? கோவில்பட்டிக் கரிசலின் பேச்சு வேறு, தாமிரபரணிக் கரையின் பேச்சு வேறு. சாத்தான்குளம், உடன்குடிச் செம்மணல் தேரியும் உவரி, மணப்பாடு கடற்கரையும் தனித்தனி. மேல்காற்றைக் கச்சான் என்றும் கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் சொல்வது கடற்கரை வழக்கு. வண்ணநிலவன் ஒருவரே கடற்கரை மக்களை வைத்து ‘கடல்புரத்தில்’ எழுதினார், பாளையங்கோட்டைத் தெருவை வைத்து ‘ரெயினீஸ் ஐயர் தெரு’ எழுதினார். இரண்டையும் ஒரே ‘நெல்லைத் தமிழ்’ என்று சொன்னால் அவர் காது கொடுத்துக் கேட்டு எழுதியது வீணாகிவிடும். தோப்பில் முஹம்மது மீரான் வாழ்ந்தது நெல்லைப் பேட்டையில். ஆனால் 1997-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’யின் பேச்சு குமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்களின் பேச்சு. மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்தது. எழுத்தாளர் குடியிருந்த ஊரையும் கதை பேசுகிற ஊரையும் போட்டுக் குழப்பும் தவறு அடிக்கடி நடக்கிறது.

வட்டார வழக்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உரையாடலை விட்டுவிட்டு, ஆசிரியர் கூற்றாக வரும் பத்திகளை மட்டும் நாலைந்து படியுங்கள். உரையாடலில் மட்டும் வட்டாரச் சொல் இருந்து, கூற்று முழுதும் பாடநூல் நடையாக இருந்தால், வழக்கு மேலே தூவியது என்று சந்தேகிக்கலாம். கி. ராஜநாராயணனிடம் கதை சொல்கிற குரலே கரிசல் குரல். இரண்டு முறையிலும் நல்ல நாவல்கள் உண்டு. எது எந்த வகை என்பதைக் கருத்து எழுதுபவர் சொல்லிவிட வேண்டும். சொல்லுக்குப் பொருள் தெரியாதபோது ஊகித்து எழுதாமல், கி.ரா. தொகுத்த வட்டார வழக்கு அகராதியைப் பார்ப்பது நல்லது. கரிசல் சொற்களுக்கு அதுபோல் உதவும் நூல் அரிது.

மொழியைப் போலவே காலத்தையும் தொழிலையும் சோதிக்க வேண்டும். காவிரிக் கரைக்குக் குறுவை, சம்பா என்ற நெல் பருவங்கள் எப்படியோ, நம் ஆற்றுப் பாசனத்துக்குக் காரும் பிசானமும் அப்படி. கல்லிடைக்குறிச்சி வயலில் குறுவை அறுக்கிறார்கள் என்று எழுதினால், எழுதியவர் அந்த வரப்பில் நடக்கவில்லை. பனங்காட்டுக் கதையில் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாமல் பதநீர் இறக்கினால் அது புளித்துக் கள்ளாகிவிடும். ஐப்பசி அடைமழையில் பதநீர்க் காட்சி வந்தால் பருவமும் தவறு. 1970-ல் நடக்கும் கதையில் ‘தூத்துக்குடி மாவட்டம்’ என்று வந்தால் அதுவும் பிழையே. 1986-ல்தான் அது பிரிந்தது, தென்காசி 2019-ல். இவற்றுக்காக ஒரு நாவலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பிழை ஒன்றா, பத்தா, கதையின் ஆணிவேரில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வதே நியாயம். அச்சுப் பிழையை ஆசிரியர் தலையில் கட்டுவதும் கூடாது. ரகர றகரம் மாறுவதும் ஒற்று விழுவதும் பெரும்பாலும் மெய்ப்புப் பார்க்காததால் வருவது. அதற்குப் பதிப்பகம்தான் பொறுப்பு.

எந்தப் பதிப்பைப் படித்தோம் என்பதை ஏறக்குறைய யாருமே எழுதுவதில்லை. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் முதல் பதிப்பா, திருத்திய பதிப்பா, மறு அச்சா, எந்த ஆண்டு, எத்தனை பக்கம், என்ன விலை என்று இருக்கும். அதை அப்படியே ஒரு வரியாக எடுத்து எழுதினால் போதும். பழைய நூல்களுக்கு இது மிக முக்கியம். புதுமைப்பித்தன் படைப்புகள் நாட்டுடைமையானவை. பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. இதழில் வந்த வடிவத்துக்கும் நூலில் வந்த வடிவத்துக்கும் வேறுபாடு உண்டு. பாடவேறுபாடுகளைக் காட்டும் செம்பதிப்பும் கிடைக்கிறது, மூலம் எதுவென்றே சொல்லாத மலிவுப் பதிப்பும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பு நூலானால் மொழிபெயர்ப்பாளர் பெயரை விடவே கூடாது. மலையாளத்திலிருந்தோ வங்கத்திலிருந்தோ நேரே வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் குறிக்க வேண்டும். நடை எங்கே தட்டுகிறது என்பதற்குப் பாதி விடை அங்கே இருக்கும்.

கதை அல்லாத நூல்களில், நம் பக்கம் ஊர் வரலாறும் கோயில் வரலாறும் நிறைய வருகின்றன. அவற்றுக்கு ‘அரிய தகவல் களஞ்சியம்’ என்று எழுதுவதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும். கல்வெட்டைச் சொன்னால் அது எந்தக் கோயிலில், எந்தச் சுவரில் என்று இருக்கிறதா? செவிவழிச் செய்தியையும் ஆவணத்தையும் பிரித்துக் காட்டியிருக்கிறாரா? ஆண்டுக் கணக்கு சரியா? நம் பக்கத்துப் பழைய ஓலைகளிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணி முதல் நாள் பிறப்பது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824-ம், ஜனவரியிலிருந்து ஆடி முடிய உள்ள தேதிக்கு 825-ம் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். மாதம் பார்க்காமல் ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும் நூல்களில் ஓராண்டு பிசகு வரிசையாக நிற்கும். ஒரு தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே நூலாசிரியரின் கவனம் தெரிந்துவிடும்.

கவிதை நூலுக்கு ஒரு முழுக் கவிதையை எடுத்துக்கொண்டு, அது எந்தச் சொல்லில் திரும்புகிறது என்று காட்டினால் போதும். வண்ணார்பேட்டையில் தம் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டத்தில் ரசிகமணி டி.கே.சி. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவை காட்டிய ஊர் இது.

நண்பர், உறவினர் எழுதிய நூலென்றால் அதைக் கருத்திலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். மறைத்து எழுதியது பின்னால் தெரிந்தால், அடுத்து அவர் எழுதும் உண்மையான பாராட்டும் எடுபடாது.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒரு கருத்துக்கு 120 சொல் போதாது. எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் 250 சொல் கொடுங்கள். பதிப்பு, ஆண்டு, பக்கம், விலை இல்லாத கருத்தைத் திருப்பி அனுப்பிக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை ஒரே நாவலுக்குப் பிடித்தது ஒன்றும் பிடிக்காதது ஒன்றுமாக இரண்டு கருத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இரண்டும் ஒரே பக்க எண்ணைச் சுட்டி மோதினால் இன்னும் நல்லது. அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்க்க நூலகத்துக்கு ஆள் வரும்.

இப்படிக்கு,
மாவட்ட மைய நூலக வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.