குணுக்கு பணயப் பொருள் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தென்மாவட்டச் சீட்டாட்டங்களைப் பற்றி வெளியான கட்டுரையில், 'குணுக்கு' என்பது 'இருபத்தெட்டு' என்ற சீட்டாட்டத்தில் பணயமாக வைக்கப்பட்ட தங்கக் காதணி என்றும், மனைவியின் காதிலிருந்து அதைக் கழற்றி வைத்துத் தோற்றவர்கள் ஏராளம் என்றும் எழுதியிருந்தீர்கள். பாஞ்சாலியின் கதையை எங்கள் ஊரான செங்கோட்டை வரை கொண்டுவந்து சேர்த்த கட்டுரையாளரின் கற்பனைக்கு என் வணக்கம். அதைப் படித்துவிட்டு என் மருமகள், "நம்ம ஆச்சி பாம்படமும் இப்படித்தான் போச்சா மாமா?" என்று கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

குணுக்கு என்பது, எங்கள் பக்கத்துப் பெண்கள் பாம்படம் என்ற கனத்த காதணியை அணிவதற்கு முன் காதுத் துளையை வளர்ப்பதற்காகத் தொங்கவிட்ட ஈயக் கட்டி. ஈயத்துக்கு எந்த அடகுக்கடைக்காரர் பணம் கொடுத்தார் என்பதையும் கட்டுரையாளரே விசாரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். சீட்டில் அந்தச் சொல் வேறொன்றைக் குறிக்கும். தன் கையிருப்புக் காய்களை எல்லாம் எதிராளியிடம் பறிகொடுத்த கட்சி, அடுத்து ஓர் ஆட்டம் ஜெயிக்கும்வரை காதில் எதையாவது மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அந்தத் தண்டனைக்குப் பெயர்தான் குணுக்கு. மலையாளக் கரையிலும் இதே ஆட்டம், இதே சொல். 1956-ல் மாநிலம் பிரியும்வரை திருவிதாங்கூர்ச் சீமையாக இருந்த எங்கள் ஊருக்கு அது வந்து சேர்ந்ததில் வியப்பொன்றும் இல்லை.

என் பெரியப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தோற்றால் பூவரச இலையின் காம்பைப் பிளந்து காதுமடலில் செருகிவிடுவார்கள். அவர் பேசப் பேச இலை கன்னத்தில் தட்டும். ஒருநாள் அந்தக் கோலத்தில் இருக்கும்போது பழைய மாணவர் ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு வந்துவிட, பெரியப்பா துண்டால் தலையை மூடிக்கொண்டு காதுவலி என்று சமாளித்தாரே தவிர, இலையை எடுக்கவில்லை. காலணா கைமாறாத ஆட்டத்தில் அவ்வளவு நாணயம் இருந்தது. அவரைப் போன்றவர்களைத்தான் உங்கள் கட்டுரை நகை தோற்ற சூதாடிகள் ஆக்கியிருக்கிறது.

இது முதல் தடவையும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் இதே இணைப்பில் இருபத்தெட்டுக்கு 52 சீட்டு என்று அச்சிட்டீர்கள். அப்போதும் எழுதினேன், தாங்கள் வெளியிடவில்லை. ஆட்டத்துக்கு 32 சீட்டுதான். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, ராஜா ராணிக்குச் சுழி. நான்கு இனத்துக்கும் கூட்டினால் 28 வரும், ஆட்டத்தின் பெயரே அதுதான். துருப்பு இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும் ஆசுச் சீட்டை மிஞ்சுகிற 32 சீட்டு ஆட்டம் டச்சுக்காரர்களிடமும் உண்டு. 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் அவர்கள். இந்த ஒற்றுமையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தால் கட்டுரைக்கு மதிப்பு கூடியிருக்கும். அதற்கு இடமில்லாமல் போய்விட்டது போலும்.

தேர்தல் வந்துவிட்டாலோ, தலைவர் மேடையேறித் 'துருப்புச் சீட்டை அறிவித்தார்' என்று தங்கள் நிருபர் தவறாமல் எழுதுகிறார். இருபத்தெட்டில் கேள்வியில், அதாவது ஏலத்தில், ஜெயித்தவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். இறங்கிய இனம் கையில் இல்லாத ஒருவர் கேட்கும்வரை அதை மற்றவர்கள் பார்க்க முடியாது. மைக்கில் அறிவித்த பிறகு அதில் துருப்பு எங்கே இருக்கிறது? சீட்டு என்றாலே சூது என்று தலையங்கம் எழுதும் பத்திரிகைக்கு, அந்தச் சீட்டிலிருந்து உவமை மட்டும் வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அடுத்த ஞாயிறு இணைப்பில், குணுக்கு பணயப் பொருள் அன்று என்று இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில் வரி விளம்பரங்களுக்கு அடியில் போட்டாலும் சரி, என் மருமகளுக்குக் காட்டத் தேடி எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
செங்கோட்டை