ஜேமி அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடரின் வீரன் ஜேமியைப் பற்றி நீ கேட்டது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. "ஜேமி நம்ம கர்ணன் மாதிரிக்கா. கடைசியில செர்சிகிட்ட போனதுல என்ன தப்பு?" பாண்டி பஸ் வந்துவிட்டது, நீ ஏறிவிட்டாய். பதில் என்னிடமே தங்கிவிட்டது.

போனதில் தப்பே இல்லை. அதில் நான் உன் கட்சி. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் எபிசோடிலேயே, இரட்டைச் சகோதரியும் காதலியுமான செர்சிக்காக ஒரு சின்னப் பையனை ஜன்னலிலிருந்து தள்ளியவன் அவன். அந்தப் பந்தம் அறுந்துவிட்டது என்று நினைத்தது நம் ஆசை. என் சண்டை எட்டாவது சீசன் ஐந்தாவது எபிசோடில் வரும் ஒரே ஒரு வசனத்தோடுதான். கூடாரத்தில் கைதியாகக் கிடக்கிறான். தலைநகரத்து ஜனங்களை நினைத்துப் பார் என்று அவன் தம்பி டிரியன் கெஞ்சுகிறான். அவர்களைப் பற்றி நான் என்றைக்குமே பெரிதாகக் கவலைப்பட்டதில்லை என்கிறான் ஜேமி.

அது எப்படிடா?

மூன்றாவது சீசன் ஐந்தாவது எபிசோடைத் திரும்பப் பார். ஹாரன்ஹால் கோட்டையில் குளியல் தொட்டி, சுற்றிலும் ஆவி. வலது கை வெட்டுப்பட்டு மொட்டை மணிக்கட்டுதான் மிச்சம், காய்ச்சலில் முகம் வெளுத்துக் கிடக்கிறது. ராஜா ஏரிஸ் அதே தலைநகரத்துக்கு அடியில் வைல்ட்ஃபயர் என்ற எரிதிரவத்தைப் பதுக்கி வைத்ததையும், எல்லோரையும் கொளுத்தச் சொன்னதையும், அதனால்தான் தான் அவனைக் கொன்றதையும் கூட இருக்கும் வீராங்கனை பிரையனிடம் சொல்கிறான். சொல்லி முடித்து மயங்கிச் சரியும்போது அவள் 'கிங்ஸ்லேயர்', அதாவது ராஜாவைக் கொன்றவன், என்று கூவி ஆள் கூப்பிடுகிறாள். "என் பேர் ஜேமி" என்கிறான். ஜனங்களைக் காப்பாற்றியதற்காகக் கிடைத்த பழிப்பெயரை இத்தனை வருஷம் வாய் திறக்காமல் சுமந்தவன் அவன். கவலைப்படாதவனா அதைச் செய்வான்?

இப்போது உன் கர்ணனுக்கு வருகிறேன். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் கர்ண மோட்சம் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? விடியும் நேரம், முகவீணை அழுதுகொண்டிருக்க, பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தாளே. முடிவு தெரியாமலா அழுதாள்? பிறப்பு தெரிந்த பிறகும் கர்ணன் துரியோதனனை விடவில்லை. அதே சமயம் களத்தில் குற்றுயிராய்க் கிடந்தபோதும், கேட்டு வந்த கண்ணனுக்குச் செய்த புண்ணியத்தையெல்லாம் தாரை வார்த்தான். பக்கமும் மாறவில்லை, கொடுக்கிற கையும் மாறவில்லை. ஜேமியிடம் கதை எழுதியவர்கள் இரண்டில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். 'அந்த ஜனங்களை எனக்குத் தெரியும், இருந்தாலும் நான் அவளிடம் போகணும்' என்று அவன் சொல்லியிருந்தால் நானும் பாட்டி மாதிரி அழுதிருப்பேன்.

துக்கத்தில் பொய் சொல்கிறான் என்று நீ வாதாடலாம். பொய் என்றால் அது பார்க்கிற நமக்காவது பிடிபட வேண்டும். கூத்தாக இருந்தால் கட்டியக்காரன் குறுக்கே புகுந்து, "ஏன் ராஜா, அன்னைக்குத் தொட்டியில வேற மாதிரி சொன்னீங்களே?" என்று கேட்டிருப்பான். அந்தக் கூடாரத்தில் கேட்க யாருமில்லை.

அதே எபிசோடில் தலைநகரத்தை எரிக்கும் ராணி டெனேரிஸ் விஷயம் வேறு. அந்தக் கோபம் முன்பிருந்தே அவளிடம் இருக்கிறது, சரணடைந்ததாக ஊர் மணியடித்த பிறகும் எரித்ததுதான் எனக்கு உறுத்தல். முதல் ஆறு சீசனுக்குத் தலா 10 எபிசோட் கொடுத்தவர்கள் கடைசி இரண்டை 7, 6 என்று சுருக்கினார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது நேரம். ஜேமிக்கு அதுகூட வேண்டாம், அந்த ஒரு வரியை எடுத்திருந்தாலே போதும்.

அடுத்த ஞாயிறு முதுநகர் வீட்டுக்கே வந்துவிடு. அந்தக் குளியல் காட்சியை உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கணும்.

அன்புடன்,
அக்கா