ரைட் முடிந்த பிறகு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பாடம் நடத்தும் வேலைக்கு மாறிவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. உனக்கு அந்தப் பொறுமை எப்போதுமே உண்டு. அம்மாவுக்கு இப்போது உடம்பு தேவலையா?

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் ஒரு பக் (நிரல் பிழை). நாங்கள் பராமரிக்கும் பழைய லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சில கோப்புகளுக்கு மட்டும் செக்சம் (தரவு மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகவில்லை. லாகில் ஒரு வரி கூட இல்லை. கோப்பு முறைமையைச் சோதித்தால் எல்லாம் சுத்தம் என்கிறது. ரைட் அழைப்பும் (கோப்பில் எழுதச் சொல்லும் கட்டளை) எழுதிய பைட் எண்ணிக்கையைச் சரியாகவே தருகிறது. எதுவும் புகார் சொல்லாமல் தரவு மட்டும் கெட்டுப்போவதை விடப் பயங்கரம் வேறில்லை.

சின்ன நிரல் ஒன்று எழுதி ஓட்டினேன். ஏற்கெனவே இருக்கும் கோப்பில் டைரக்ட் ஐஓ (நினைவகத்தில் தேக்கி வைக்காமல் நேராக வட்டில் எழுதும் முறை) வழியாக 4096 பைட் முழுக்க 1, அதைத் தொடர்ந்து 4096 பைட் முழுக்க 2. படித்துப் பார்த்தால் கோப்பின் தொடக்கத்திலேயே 2 உட்கார்ந்திருக்கிறது. 1-ஐக் காணோம். இரண்டாவது இடத்தில் பழைய தரவு அப்படியே கிடக்கிறது. அப்புறம் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது: ரைட் முடிந்ததும் ஓடும் நிரல் பகுதி.

அங்கே கெர்னலுக்குள் கோப்பு முறைமைகளுக்குப் பொதுவான ஐஓமேப் அடுக்கு, "உன் பங்கு முடிந்ததா?" என்று எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையைக் கேட்கும். பூஜ்யம் வந்தால்தான் கோப்பின் இருப்பிடத்தை (அடுத்த ரைட் தொடங்க வேண்டிய இடத்தை) முன்னால் நகர்த்தும். எக்ஸ்ட்4-இல் புதிதாகச் சேர்ந்த ஒரு திருத்தமோ எழுதிய பைட் எண்ணிக்கையைத் திருப்பித் தந்தது. பூஜ்யம் இல்லை, ஆகவே இருப்பிடம் நகரவில்லை. அடுத்த ரைட் முந்தையதன் தலையிலேயே விழுந்தது. எழுதும் இடத்தை ஒவ்வொரு முறையும் தானே சொல்லும் நிரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இவ்வளவு காலம் கண்ணில் படவில்லை.

அந்தத் திருத்தம் தப்பானதல்ல. டைரக்ட் ஐஓவில் ஓ-சிங்க் (வட்டில் சேர்ந்த பிறகே ரைட் முடிய வேண்டும் என்ற குறிப்பு) போட்டு எழுதும்போது கோப்பு அளவும் வட்டுக்குப் போய்ச் சேர்வதை உறுதிசெய்ய வந்தது. ஐஓமேப்பில் இருப்பிடத்தை நகர்த்தும் வரியை இடம் மாற்றிய இன்னொரு திருத்தம் அதற்கு முன்பே மூலக் கெர்னலில் (லினக்ஸின் முதன்மைப் பதிப்பில்) இருந்தது. பழைய கெர்னலுக்கு ஒன்று வந்தது, மற்றது வரவில்லை. விட்டுப்போனதைக் கொண்டுவந்து சேர்த்தேன், சரியாகிவிட்டது.

2023 டிசம்பரில் 6.1.64 கெர்னலில் நடந்ததும் இதேதான். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் 12.3 வெளியீட்டை நிறுத்தி, அடுத்த நாளே 12.4 விட்டார்கள். அப்படிச் சட்டென்று நிறுத்த முடிந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். பேக்போர்ட் செய்பவர்கள் (புதிய திருத்தங்களைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவருபவர்கள்) வந்த திருத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது எதை நம்பி எழுதப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் இதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒரு பழைய சர்வர் உண்டே, அதில் 6.1.64 அல்லது 6.1.65 ஓடினால் உடனே 6.1.66-க்கோ அதற்குப் பிந்தையதற்கோ ஏற்றிவிடு. அப்போது எடுத்த பேக்கப்புகளையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார். வேண்டுமானால் அந்தச் சின்ன நிரலை அனுப்புகிறேன், உன் மாணவர்களுக்கும் காட்டலாம்.

அன்புடன்,
சேகர்