கார் ஷெட்டில் கட்டிய பூங்காவுக்கு ஒரு நன்றி மடல்

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கும், தெருவைத் தாண்டி வந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலைப் பிள்ளைகளின் பள்ளி திறந்த வாரமே எழுதியிருக்க வேண்டும். ஒரு மழை பெய்யட்டும், பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். போன வாரம் பெய்துவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் தெருக்கோடியில் மூன்று கிரவுண்டு இடம் இருக்கிறது. மனை பிரித்தபோதே பூங்காவுக்கென்று ஒதுக்கியது. பூங்கா வரவில்லை, சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடும் வந்தன. இந்த வருடம் மாநகராட்சி எடுத்துச் செய்யும், என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் பட்டியல் போட்டோம். நடைபாதை, பேவர் பிளாக், கொரியன் புல், ஜிம், ஒரு மேடை. அம்மாவோடு வந்திருந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்களைக் கேக்கவே இல்லையே?" என்றாள். கோடை விடுமுறை தொடங்கியிருந்த நேரம். சரி, நீங்களும் பூங்காவுக்கு ஒரு மாதிரி செய்து காட்டுங்கள் என்று வாய்விட்டவன் நான். அதற்கப்புறம் மூன்று வாரம் பத்தொன்பது பிள்ளைகள் என்னைத் தூங்கவிடவில்லை.

முதல் நன்றி தன் கார் ஷெட்டைக் கொடுத்தவருக்கு. புது வண்டி. மே மாத வெயிலில் மூன்று வாரம் அதைத் தெருவில் நிறுத்தினார். காகம் செய்த வேலையைக் கூடத் துடைத்துவிட்டுச் சிரித்தார். அங்கேதான் ஆறடிக்குப் பன்னிரண்டடியில் நம் இடத்தின் மாதிரி எழுந்தது. பத்தடிக்கு ஓரடி என்ற கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். பிள்ளைகள் டேப்பைப் பிடித்த விதத்தைப் பார்த்து முதல் நாள் கோபித்துக்கொண்டு போனவர், மறுநாள் நமக்கு முன்னால் வந்து நின்றார்.

களிமண் கொடுத்தவர் விநாயகர் சிலை செய்பவர். காசு வாங்க மறுத்தார். சதுர்த்திக்கு எல்லோரும் தன்னிடமே பிள்ளையார் வாங்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சத்தியம் மட்டும் வாங்கிக்கொண்டார். தச்சுப் பட்டறையிலிருந்து ரீப்பர் துண்டுகளும் இழைப்புச் சுருளும் வந்தன. தையல்கடை அக்கா துணி பிட்டுகளை நிறம் பிரித்துக் கட்டிக் கொடுத்தார். கொட்டாங்குச்சி, ஈர்க்குச்சி, தீப்பெட்டி எல்லாம் வீட்டுக்கு வீடு. முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூட்டை வட்டமாக நறுக்கிப் பச்சைச் சாயத்தில் முக்கினால் அசல் புதர் மாதிரியே இருக்கும் என்று கண்டுபிடித்தவன் மூன்றாம் வகுப்புப் பையன். அந்த வாரம் தெருவில் குளிக்கத் தேய்ப்பதற்கு ஒரு பீர்க்கங்கூடு மிச்சமில்லை.

காயலான் கடை பாய்க்குத் தனியாக ஒரு வரி. "வேணுங்கறத எடுத்துக்கோ, வேணாங்கறத திருப்பி வெச்சுடு" என்று கடையைத் திறந்துவிட்டார். டென்மார்க்கில் சோரன்சன் என்ற நிலத்தோட்ட வடிவமைப்பாளர், அழகாக அமைத்த திடல்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடத்து உடைசல்களில்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்று கவனித்தார். அதன்படி 1943இல் கோபன்ஹேகன் பக்கம் எம்ட்ரப்பில் ஓர் உடைசல் விளையாட்டுத் திடலே வந்தது. நம் பாய்க்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் சைக்கிள் ரிம்மைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, இது என்னவாகப் போகிறது என்று அவர் நின்று பார்த்த பார்வை எனக்குத் தெரியும்.

ஆர்க்கிடெக்சர் படிக்கும் மாடிவீட்டுப் பெண் லேப்டாப்போடு வந்தாள். மைன்கிராஃப்ட் கம்ப்யூட்டர் விளையாட்டிலேயே ஊர்ப் பொது இடங்களை வடிவமைக்க, 2012இல் ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான ஐ.நா. ஹேபிடட்டும் அந்த விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனமும் 'பிளாக் பை பிளாக்' என்று ஒரு திட்டம் தொடங்கின என்றாள். பையன்கள் ஷெட்டை மறந்து இரண்டு நாள் திரையில் கட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஒருவன் சொன்னான்: "அண்ணா, இதுல மழை பெய்யுது, ஆனா தண்ணி தேங்கவே மாட்டேங்குது. அண்டா வெச்சா அதுல மட்டும் கொஞ்சம் ரொம்பும்." 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் தேங்காத மழையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கூட்டம் களிமண்ணுக்குத் திரும்பியது. மாடிவீட்டுப் பெண்ணும் சுடிதாரை முட்டிவரை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இங்கேதான் மேஸ்திரி அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து, தண்ணீர் ஊற்றிய டியூபை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பிடித்து மட்டம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். டியூபில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும் என்பது இன்று தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தென்கிழக்கு மூலை மற்ற இடத்தைவிட ஒன்றரை அடி பள்ளம் என்று தெரிந்தது. மாதிரியில் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதையும் அப்படியே இறக்கினார்கள். நம் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் போய், ஒக்கியம் மடுவு வழியாக வெளியேறுவது. கோடிவீட்டு ஆயாவைக் கேட்டால், "அங்கதான்டா வாய்க்கா போச்சு, வயலுக்கு" என்றார். டியூப் சொன்னதை அவர் டியூப் இல்லாமலே சொல்லிவிட்டார்.

அந்த மூலையில் பிள்ளைகள் ஒரு பள்ளம் வைத்தார்கள். முழங்கால் ஆழம், சரிவான கரை, சுற்றிப் பூவரசும் புங்கையும். நம் பட்டியலில் அங்கேதான் மேடை. வந்தது சண்டை. நான் மிகவும் மதிக்கும் சங்கத்துப் பெரியவர் ஒருவர் (பெயர் போடவில்லை, அவருக்கே தெரியும்), "அக்னி மூலையில் தண்ணீர் வைக்கவே கூடாது" என்றார். ஏழாம் வகுப்புக்காரி யோசிக்காமல் சொன்னாள்: "நாங்க வைக்கல தாத்தா. அதுவா வந்து நிக்குது."

அவர் விடவில்லை. நிரூபி என்றார். பூவாளியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தரையில் குந்தி, அவரே ஊற்றினார். முதலில் பிள்ளைகளின் மாதிரி மேல். தண்ணீர் மண்ணில் ஊறி, மிச்சம் மெதுவாக மூலைக்கு ஊர்ந்தது. அப்புறம் பேவர் பிளாக்குக்குப் பதிலாகப் பழைய டைல்ஸ் துண்டுகளைப் பரப்பிவிட்டு ஊற்றினார். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. நேராக கேட் வழியாகத் தெருவுக்கு, அதாவது அவருடைய செருப்புக்கு, வந்து சேர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். அடுத்த கூட்டத்தில் மேடையை வடமேற்குக்கு மாற்றும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. ஐயா, இந்த மடலில் இருக்கும் நன்றியில் பாதி உங்களுக்கு. களிமண் யாரும் கொடுப்பார்கள். பிள்ளைகள் முன்னால் தோற்கச் சம்மதிப்பது எல்லோராலும் ஆகாது.

எருக்கஞ்செடி விவகாரத்தில் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்க எருக்கு வேண்டும், வெட்டக் கூடாது என்பது பிள்ளைகள் கட்சி. வீட்டுப் பக்கம் எருக்கு ஆகாது என்பது பாட்டிகள் கட்சி. இப்போதைக்கு ஒரே ஒரு செடி, மதிலோரம், இரண்டு கட்சியின் கண்காணிப்பில் நிற்கிறது.

நடுவில் ஒரு நாள் காலை பார்த்தால், தெருநாய் ராத்திரி முழுக்க மாதிரியின் நட்டநடுவில் படுத்திருக்கிறது. நாவல் தோப்பு காலி. பிள்ளைத்தமிழில், சிறுமிகள் கட்டிய சிற்றிலை, அதாவது மணல்வீட்டை, சிதைக்காதே என்று கெஞ்சுவதற்கென்றே ஒரு பருவம் உண்டு. நம் பிள்ளைகள் கெஞ்சவில்லை. அழுதது ஒருத்திதான். மற்றவர்கள் கூடிப் பேசி, பூங்காவில் நாய் படுக்கவும் நிழல் வேண்டும் என்று முடிவுசெய்து, அது படுத்த இடத்துக்குக் கொட்டாங்குச்சியில் கூரை போட்டுவிட்டார்கள்.

கவுன்சிலருக்கும் வார்டு அலுவலகத்துப் பொறியாளருக்கும் நன்றி. ஷெட்டுக்கே வந்து, குனிந்து, அரை மணி நேரம் பார்த்தார்கள். முழு வேலைக்கு இன்னும் ஒப்புதல் வரவேண்டும். ஆனால் இடிபாட்டை அள்ள வண்டி அனுப்பினார்கள், பள்ளம் தோண்டவும் கன்று நடவும் அனுமதித்தார்கள். அள்ளிய தூய்மைப் பணியாளர்கள் கருவேல முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மோர் கொடுத்ததோடு நம் கடன் தீராது.

பதினொரு கன்று நட்டோம், ஒன்பது பிழைத்திருக்கின்றன. போன வார மழையில் பள்ளம் நிரம்பியது, மூன்றாம் நாள் வற்றியது. தெருவில் கணுக்கால் தண்ணீர் எப்போதும் போல நின்றது; ஒரு பள்ளத்தால் அது தீரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி தவளைச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று முதல் புகார் வந்திருக்கிறது. எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, மேஸ்திரி அண்ணனின் டியூப் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. இரண்டு கடப்பாரையில் ஒன்று யாருடையது என்று தெரியவில்லை, பிடியில் நீல பெயின்ட் இருக்கும். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஷெட்டுக்காரர் இன்னும் வண்டியைத் தெருவில்தான் விடுகிறார். மாதிரியை எங்கே வைப்பது என்று யாராவது இடம் சொன்னால் அவருக்கும் ஒரு நல்லது நடக்கும்.

அன்புடன்,
தெருக்கோடியிலிருந்து மூன்றாம் வீடு